துரை எழுதிய கதையும் நாம் எழுத வேண்டிய கதையும்



"கதைப் புத்தகம் படித்துப் படித்தே பிள்ளை கெட்டுப் போகிறான்" என்று குறைப்பட்டுக்கொள்ளும் பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. பாடப் புத்தகம் படித்தால் அது படிப்பு. கதைப் புத்தகம் படித்தால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்றால் வீண். இப்படித்தான் நம்மில் பலர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். இந்தக் கணக்கு சரிதானா என்பதை இருவருடைய வாழ்க்கையைக் கொண்டு இன்று ஆராய்ந்து பார்ப்போம். இருவரும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள். இருவரும் நம் தோட்டத்து மண்ணை மிதித்தவர்கள். இருவரும் கதை எழுதி உலகப் புகழ் பெற்றவர்கள்.

துரை என்றதும் நம் பெரியவர்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மேட்டில் பங்களா, காக்கிக் கால்சட்டை, தலையில் தொப்பி. அந்தத் துரைக்கும் அன்றாட வாழ்க்கை என்று ஒன்று இருந்தது. பொழுது புலருமுன் பெரட்டுக் களத்துக்கு வர வேண்டும். கங்காணியும் கிராணியும் சூழ ஆள் கணக்குப் பார்க்க வேண்டும். பிறகு காட்டைச் சுற்றி வந்து, எந்த மரத்தில் வெட்டு ஆழமாகிப் பட்டை காயம் பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பால் நிறுக்கும் நேரத்தில் ஸ்டோருக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு ஆபீஸில் கணக்கு, கடிதம். புதிதாக வந்த சின்னத் துரை தமிழ் கற்றுத் தேற வேண்டும் என்று பல கம்பெனிகள் எதிர்பார்த்தன. தமிழ் தெரியாமல் தோட்டத்தை நடத்த முடியாது அல்லவா?

மாலையானால் தனிமை. ஊருக்கு எழுதிய கடிதம் கப்பலேறிப் போய்ச் சேரப் பல வாரங்கள் ஆகும். பதில் வர மீண்டும் அத்தனை வாரங்கள். சொந்த ஊருக்கு விடுமுறையில் போகச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சிலர் கிளப்புக்குப் போய்க் குடித்தார்கள். சிலர் விளக்கடியில் உட்கார்ந்து புத்தகம் படித்தார்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. துரையின் தனிமைக்குத் துணையாகச் சமையற்காரரும், நல்ல சம்பளமும், திரும்பிப் போகக் கப்பல் சீட்டும் இருந்தன. லயத்தில் வாழ்ந்த நம் முன்னோரும் ஊரைப் பிரிந்து வந்தவர்கள்தாம். அவர்களுக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. அவர்களில் மிகப் பலருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. எனவே துரையின் தனிமை புத்தகத்தில் ஏறியது. நம்மவர் தனிமை ஒப்பாரியிலும் தாலாட்டிலும் கரைந்து போயிற்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலாமவர் ஹென்றி ஃபோகோனியே. 1879-இல் பிறந்தவர். கதை எழுத வேண்டும் என்ற ஆசை இளமையிலேயே இருந்தது. எழுதுவதற்கு ஓய்வு வேண்டும், ஓய்வுக்குப் பணம் வேண்டும் என்று எண்ணி, 1905-இல் மலாயாவுக்கு வந்து ரப்பர் பயிரிட்டார். சிலாங்கூரில் ரந்தாவ் பாஞ்சாங் என்னும் இடத்தில் தோட்டம் திறந்தார். இன்று நம்மில் பலருக்குச் சோறு போடும் செம்பனைக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. சுமத்ராவிலிருந்து செம்பனை விதைகளைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தவர் இவர். 1917-இல் நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் சிலாங்கூரில் உருவாயிற்று. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரிலேயே தமிழ் இருப்பதைக் கவனியுங்கள்!

ஆனால் எழுத்தாசை அவரை விடவில்லை. மலாயாவுக்கு வந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, 1930-இல், 'மலேசி' என்னும் நாவலை வெளியிட்டார். தோட்டத்துத் துரைமார், மலாய்க்காரர், தமிழ்த் தொழிலாளர் ஆகியோரின் வாழ்க்கை அதில் வருகிறது. பிரான்சு நாட்டின் மிகப் பெரிய இலக்கியப் பரிசுகளில் ஒன்றான கோன்கூர் பரிசு அதே ஆண்டில் அந்நூலுக்குக் கிடைத்தது. சிலாங்கூர்த் தோட்டம் ஒன்றின் வாழ்க்கை பாரிஸ் நகரத்து வீடுகளில் படிக்கப்பட்டது.

இரண்டாமவர் பியேர் பூல். 1912-இல் பிறந்தவர், பொறியியல் படித்தவர். 1936-இல் மலாயாவுக்கு வந்து ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு அமர்ந்தார். மூன்று ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. படையில் சேர்ந்தார். பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்ததும், அதை ஏற்காத சுதந்திரப் பிரெஞ்சு இயக்கத்தில் சிங்கப்பூரில் இணைந்தார். பின்னர் இந்தோசீனாவுக்குள் இரகசியமாக நுழைந்தபோது, எதிர்த்தரப்பைச் சேர்ந்த பிரெஞ்சு அதிகாரிகளே அவரைப் பிடித்துச் சிறையில் தள்ளினார்கள். 1944-இல் தப்பினார். போருக்குப் பின் மீண்டும் மலாயாத் தோட்டத்துக்கே வந்தார். ஆனால் கதை எழுதும் ஆசை அவரை ஆட்டிப் படைத்தது. வேலையை விட்டுவிட்டுப் பாரிஸ் நகருக்குத் திரும்பி, எழுத்தையே தொழிலாக்கிக்கொண்டார்.

1951-இல் அவர் வெளியிட்ட நாவல் ஒன்று மலாயாவில் உள்ள ரப்பர்க் கம்பெனியைப் பற்றியது. எதற்கெடுத்தாலும் அறிக்கை, எதற்கெடுத்தாலும் விதிமுறை என்று நடக்கும் கம்பெனி நிர்வாகத்தை அதில் நையாண்டி செய்தார். தோட்டத்து ஆபீஸை அறிந்தவர்கள் படித்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. 1963-இல் அவர் எழுதிய இன்னொரு கதையில் குரங்குகள் ஆட்சி செய்கின்றன. மனிதர்கள் கூண்டில் அடைபடுகிறார்கள். 1968-இல் அது திரைப்படமாயிற்று. அதையொட்டிய படங்கள் இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து மகிழ்கிறார்கள். அந்தக் குரங்குக் கதையைக் கற்பனை செய்தவர் ஒரு காலத்தில் நம் நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் நடந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நேயர்களே, இனிச் சொல்லப் போவதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 1952-இல் பியேர் பூல் 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் நாவலை எழுதினார். சயாம் - பர்மா ரயில் பாதைதான் அதன் களம். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னல் ஒருவர், தம் படையினரின் பெருமையைக் காப்பதாக எண்ணி, எதிரிக்கே உறுதியான பாலம் கட்டிக் கொடுக்கிறார். அதுதான் கதை. 1957-இல் திரைப்படமாகி ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. படம் எடுக்கப்பட்ட இடமோ இலங்கை.

அந்தக் கதைக்கு எவ்வளவு வலிமை தெரியுமா? உண்மையான பாலம் குவாய் ஆற்றின் மேல் இல்லை. மே குளோங் என்னும் ஆற்றின் மேல் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள், "குவாய் ஆற்றுப் பாலம் எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். முடிவில் 1960-இல் தாய்லாந்தில் அந்த ஆற்றுப் பகுதியின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டார்கள். ஆற்றைப் பார்த்துக் கதை எழுதுவார்கள். இங்கே கதையைப் பார்த்து ஆற்றுக்குப் பெயர் வைத்தார்கள். கதைப் புத்தகம் வெறும் பொழுதுபோக்கு என்று இனியும் சொல்ல முடியுமா?

அதே கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் அதை முடித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அங்கே உழைத்தார்கள்; 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு பேர் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி, உதை. பல பத்தாயிரம் பேர் திரும்பவே இல்லை. நம் மக்கள் அதை 'மரண ரயில்' என்று அழைத்தார்கள்.

போர்க் கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கான கற்களில் பெயரும் வயதும் பொறித்திருக்கிறார்கள். நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. உலகம் முழுவதும் படித்த அந்த நாவலிலும் நம்மவர் எவரும் முக்கியப் பாத்திரம் அல்லர். தோட்டத் தமிழர்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஒருவர் எழுதிய கதையிலேயே நமக்கு இடமில்லாமற் போயிற்று! இதற்காக அவர்மீது சினங்கொண்டு பயன் இல்லை. தம் மனத்தைத் தொட்டதை அவர் எழுதினார். நம் மனத்தைச் சுட்டதை எழுத வேண்டியவர்கள் நாம்.

நம்மவர் சிலர் எழுதியும் இருக்கிறார்கள். ஆர். சண்முகம் அவர்கள் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி அவர்கள் 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலையும் எழுதினார்கள். இரண்டும் நம் வீடுகளில் இருக்க வேண்டிய நூல்கள். எத்தனை வீடுகளில் இருக்கின்றன?

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். குவாய் ஆற்றுப் பாலம் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்கள் இருவர். அரசியல் காரணத்தால் அவர்கள் பெயர் மறைக்கப்பட்டு, ஆஸ்கார் பரிசு பியேர் பூல் பெயருக்குப் போயிற்று. 1984-இல்தான் அந்த இருவருக்கும் அது உரியதாக்கப்பட்டது. அப்போது இருவரும் உயிரோடு இல்லை. ஆனாலும் பெயர் திருத்தப்பட்டது. விடுபட்ட பெயரை எழுதிச் சேர்க்கக் காலம் கடந்துவிட்டது என்று எந்நாளும் சொல்ல முடியாது.

கதை படிக்கும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. கல்கியின் தொடர்கதைக்காகக் காத்திருந்த வீடுகள் உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறிந்த கதைகளும், 1969-இல் தொடங்கிய ராணிமுத்து மாத நாவல்களும் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவர் சுற்றி உட்கார்ந்து கேட்பதுண்டு. அந்தப் புத்தகங்களால் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியோர் பலர். கதை படிக்கும் பிள்ளைக்குச் சொல் பெருகுகிறது. அடுத்தவர் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணிப் பார்க்கும் மனம் வளர்கிறது. பாடத்தை விட்டுவிட்டுக் கதையே கதி என்று இருந்தால் கண்டியுங்கள். அளவோடு படித்தால் தடுக்காதீர்கள்.

ஆகவே, தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டில் புத்தகங்களுக்கென்று ஒரு பலகை ஒதுக்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம், பிள்ளை ஒரு கதையை உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. சயாமுக்குப் போய் வந்தவர்கள் அனேகமாக மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். நம் குடும்பத்தில் யார் போனார்கள்? எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள்? யார் திரும்பினார்கள்? திரும்பாதவர் பெயர் என்ன? அவர்கள் சொல்வதைச் சொல்கிறபடியே எழுதுங்கள். எழுதிய நாளையும் குறித்து வையுங்கள். பழைய படங்களின் பின்னால் இருப்பவர் பெயரை எழுதுங்கள். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எனவே தோட்டத்தின் பழைய பெயரையும், பெரட்டுக்களம், கோயில், பள்ளி இருந்த இடங்களையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

கடல் கடந்து வந்த துரை, விளக்கடியில் உட்கார்ந்து தாம் கண்டதை எழுதினார், உலகம் படித்தது. நாமும் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே. விளக்கு இன்று நம் வீட்டிலும் எரிகிறது. எழுத்தும் நம் கைக்கு வந்துவிட்டது. எழுதத் தொடங்குவோம்.