ஹலால் இறைச்சி: வாங்குவோர் கடமை, விற்போர் அமானிதம்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சில வாரங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு நிக்காஹ் விருந்து. அங்கே ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அண்ணே, மகன் மெல்பர்னில் படிக்கிறான். சூப்பர்மார்க்கெட்டில் கோழி வாங்கி, 'நான் பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டுக்கிறேம்மா' என்கிறான். அது கூடுமா?"

அந்தப் பிள்ளை ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. சிலர் இறைச்சி கொண்டு வருகிறார்கள், அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார்களா என்று தெரியவில்லை என மக்கள் முறையிட்டார்கள். நீங்கள் அவன் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் தந்தார்கள். ஆனால் கொண்டு வந்தவர்கள் யார்? புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள். ஒரு முஸ்லிமின் அறுப்பைத் துருவித் துருவிச் சந்தேகிக்க வேண்டாம் என்பதே அதன் பாடம். யார் அறுத்தார், எப்படி அறுத்தார் என்றே தெரியாத இறைச்சியை நம்முடைய பிஸ்மி ஹலாலாக்கிவிடாது.

வேதக்காரர்களின் உணவை அல்மாயிதா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் அனுமதிக்கிறதே என்பார்கள். உண்மைதான். அதே அத்தியாயத்தின் 3ஆம் வசனம் தானாகச் செத்ததையும் அடிபட்டுச் செத்ததையும் விலக்குகிறது. கத்தி படும் முன்பே மின்சாரத்தாலோ வாயுவாலோ உயிர் போயிருந்தால், அறுத்தவர் யாராக இருந்தாலும் அது செத்ததுதான். மயக்கினாலும் அந்த மயக்கம் தெளியக்கூடியதாக இருக்க வேண்டும்; அறுக்கும்போது உயிர் இருக்க வேண்டும். நம் நாட்டின் எம்.எஸ். 1500 தரவிதி இந்த நிபந்தனையோடுதான் மயக்குவதை அனுமதிக்கிறது. பிரிட்டனில் எச்.எம்.சி. அமைப்பு மயக்குவதையே ஏற்பதில்லை.

நம்மில் ஹனபியும் உண்டு, ஷாபிஈயும் உண்டு. வேண்டுமென்றே பிஸ்மியை விட்டால் ஹனபி மத்ஹபில் அது கூடாது. ஷாபிஈ மத்ஹபில் பிஸ்மி சுன்னத். இதற்காக ஒருவர் வீட்டு விருந்தை மற்றவர் ஒதுக்க வேண்டியதில்லை.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: "ஹலால் சான்றிதழ் உள்ள கடையைத் தேடச் சொல்லுங்கள். வெளிநாட்டுச் சான்றளிப்பு அமைப்புகளில் எவற்றை ஏற்கிறோம் என்று ஜாகிம் பட்டியல் வெளியிடுகிறது, அதைப் பார்க்கட்டும். கடை கிடைக்காத நாளில் மீன் இருக்கிறது, முட்டை இருக்கிறது, பருப்பு இருக்கிறது."

வெளிநாட்டுக்குப் போன பிள்ளைக்கு இவ்வளவு சொல்கிறோம். இங்கே நாம் கேட்கிறோமா? பிரிக்பீல்ட்ஸில் "பன்றி இறைச்சி இல்லை" என்ற பலகையைப் பார்த்ததும் உள்ளே போய்விடுகிறோம். அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பலகை சொல்வது அவ்வளவுதான். அதை ஹலால் என்று படித்தது நாம். மரியாதையாகக் கேட்டால் அவரும் மரியாதையாகவே பதில் சொல்வார்.

2012 ஜனவரி முதல் ஹலால் சான்றளிக்கும் அதிகாரம் ஜாகிமுக்கும் மாநில இஸ்லாமிய அமைப்புகளுக்கும் மட்டுமே உண்டு. இருந்தும் 2020 டிசம்பரில் ஜொகூர் செனாயில் ஒரு கிடங்கு சோதனையிடப்பட்டு, இறக்குமதி இறைச்சியில் போலி ஹலால் முத்திரை என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. முஸ்லிம் நாட்டில் இருக்கிறோம் என்பதால் மட்டும் கேட்கும் கடமை நீங்கிவிடாது.

கடைசியாக, மனம் நோகாமல் கேளுங்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் வாங்குகிறவர்கள் என்றால், மீதிப் பேர் விற்கிறவர்கள். உணவகம் நம் தொழில், இறைச்சிக்கடை நம் தொழில். நம் கடைகள் பலவற்றில் ஜாகிம் சான்றிதழ் இல்லை. கல்லாவில் இருப்பவர் தலையில் தொப்பியைப் பார்த்து, சுவரில் ஆயத்துல் குர்ஸியைப் பார்த்து மக்கள் நம்பி உட்காருகிறார்கள். உறைந்த இறைச்சிப் பெட்டி ஒரு ரிங்கிட் மலிவாகக் கிடைக்கிறது என்று, எங்கிருந்து வந்தது எனக் கேட்காமல் இறக்கினால், அந்தத் தொப்பியே பொய்ச் சாட்சி ஆகிவிடும். சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இறைச்சி வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாடிக்கையாளர் கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுங்கள்.

நம் பெரியவர்கள் இந்த மண்ணில் முதலில் சம்பாதித்தது நம்பிக்கை. பணம் பிறகுதான் வந்தது. அந்த அமானிதத்தை நம் பிள்ளைகள் கையில் குறையாமல் ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நமக்குத் துணை செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.