செவிவழிச் செய்தியும் 'ஆம்' என்னும் ஈறும்

"மழை வரும்" என்பது ஒரு கூற்று; "மழை வருமாம்" என்பது மற்றொரு கூற்று. முன்னதைச் சொல்பவர் தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பாளராகிறார். பின்னதைச் சொல்பவரோ, "இதனை நான் கண்டறிந்து சொல்லவில்லை; பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கிறேன்; நம்புவதும் நம்பாததும் உம் விருப்பம்" என்னும் செய்தி முழுவதையும், வினையின் இறுதியில் ஒட்டிய இரண்டெழுத்தால் சொல்லிவிடுகிறார்.

அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம் போன்றார்க்கு இந்த இரண்டெழுத்து சில வேளைகளில் தலைவலி தருவது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஈறு இல்லை. "என்று சொல்லப்படுகிறது" எனத் தனியே ஒரு தொடர் கட்டவேண்டும். இந்தியிலும் "இப்படிக் கேள்வி" என்று வேறாகச் சொல்லித்தான் தீரவேண்டும். ஆனால் நாம் வாழவந்த கன்னட நாட்டின் மொழியில் அஃது அப்படியே இருக்கிறது. "மளெ பருத்தந்தெ" என்று பெங்களூர்ப் பக்கத்து வீட்டம்மையார் சொன்னால், அந்த 'அந்தெ' என்பது நம்முடைய 'ஆம்' அன்றி வேறில்லை. தெலுங்கர் 'அட' என்று முடிப்பர். செவிவழிச் செய்தியைக் கண்கூடான செய்தியினின்றும் பிரித்துச் சொல்லவேண்டும் என்பதில் இம்மூன்று மொழியாரும் ஒரே கருத்தினர் போலும். தொல்காப்பியனாரும் முன்னோர் கூறியவற்றை எடுத்துரைக்குமிடத்து, 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் குறித்துச் சென்றார். பேராசிரியர் ஒருவரே தாம் கேட்டுப் பெற்றதற்கு அடையாளம் வைத்தார் என்றால், சாதாரண மக்களாகிய நாம் வைக்கக் கூசவேண்டியதில்லை.

நிற்க. இவ்விலக்கணச் செய்தியை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று நாம் ஒவ்வொருவரும் கைப்பேசி வழியே நாளொன்றுக்கு எத்தனையோ செய்திகளைப் பெறுகிறோம், அவற்றைப்பற்றிக் கருத்துச் சொல்கிறோம், அடுத்தவருக்கு அனுப்புகிறோம். புதிய கருவி ஒன்று வந்தது, பழைய வேலை ஒன்று போகப்போகிறது, இன்ன நிறுவனம் ஆட்குறைப்புச் செய்கிறது, இன்ன செயலி நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்றெல்லாம் பெங்களூரில் பேசாதார் யார்? கணினித் தொழிலாலேயே பெயர்பெற்ற ஊர் ஆதலின், தர்சினி உணவகத்தில் நின்றபடி காப்பி அருந்தும் அந்த ஐந்து நிமிடத்திலும் இப்பேச்சே நடைபெறும். இப்படிப் பேசுதல் கூடாது என்று சொல்ல நாம் முன்வரவில்லை. இணையத்தில் ஒருவர் இட்ட கருத்துப் பிறருக்கு எரிச்சல் ஊட்டியது என்பதற்காகவே அவரைச் சிறையிட இடந்தந்த 66ஏ என்னும் சட்டப்பிரிவை, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சு மாதத்தில் செல்லாததாக்கியது. அது நல்ல தீர்ப்பு என்பதே எம் எண்ணம். பேசும் உரிமை வேறு. கேட்டதைக் கண்டதாகச் சொல்லும் பழக்கம் வேறு.

எடுத்துக்காட்டாக ஒன்று காண்போம். 2016 நவம்பர் 8ஆம் நாள் பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டன. புதிய 2000 ரூபாய்த் தாளைக் கையில் தொட்டுப் பார்க்குமுன்னரே, அதனுள் நுண்ணிய 'சிப்' ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது, தாளைத் தரைக்குக் கீழே 120 மீட்டர் ஆழத்தில் புதைத்துவைத்தாலும் விண்கோள் காட்டிக்கொடுத்துவிடும் என்று நாடெங்கும் பேச்சுப் பரவியது. மின்கலம் இல்லாத காகிதத்துண்டு பூமிக்கடியிலிருந்து வானத்தோடு எவ்வாறு பேசும் என்று பள்ளியில் இயற்பியல் படித்த எவரும் கேட்டிருக்கலாம். அவ்வாறு கேட்டோர் சிலரே. நிதியமைச்சர் மறுத்தார், ரிசர்வ் வங்கியும் மறுத்தது. அத்தாள்கள் 2023 மே மாதத்தில் புழக்கத்தினின்றும் திரும்பப் பெறப்பட்டன. சிப்பு இருந்ததாகச் சொன்னவர் ஒருவரும் அதனை உரித்துக் காட்டியதாக நாம் அறியோம்.

2021ஆம் ஆண்டுக் கோடையில் பெருந்தொற்றின் இரண்டாம் அலை வீசியபோது, 5ஜி அலைக்கோபுரச் சோதனைதான் மக்களைக் கொல்கிறது என்றொரு பேச்சு எழுந்தது. அந்தச் சோதனை இந்தியாவில் எங்கும் தொடங்கப்படவே இல்லை என்று தொலைத்தொடர்புத் துறை அறிக்கை வெளியிடவேண்டியதாயிற்று. இவையெல்லாம் அறியாமை என்று சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆனால் இதே பழக்கம் கருவிகளை விட்டு மனிதர்மேல் திரும்பும்போது சிரிக்க முடிவதில்லை. அதனை நேரிற் கண்ட ஊர் பெங்களூர்.

2012 ஜூலையில் அசாம் மாநிலத்தின் கோக்ராஜார் பகுதியில் போடோ மக்களுக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கொடிய கலவரம் மூண்டது. பெங்களூருக்கும் அதற்கும் இடைப்பட்ட தொலைவு பெரிது. ஆயினும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து இந்நகரில் காவலாளிகளாகவும், உணவுவிடுதிப் பணியாளர்களாகவும், அழகுநிலையங்களில் வேலை செய்வோராகவும், மாணவர்களாகவும் வாழ்ந்த பெருந்தொகையினர் கைகளில் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. ரமலான் முடிந்ததும் தாக்குவார்கள், அதற்குள் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்பது அவற்றின் சாரம். ஆகஸ்டு 14ஆம் நாள் மைசூரில் திபெத்திய மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். உண்மையில் நிகழ்ந்த அந்த ஒன்று, நிகழாத நூறு செய்திகளுக்கு உரமாயிற்று. அசாமிலிருந்த பெற்றோர் தொலைபேசியில் அழைத்து, "உடனே வந்துவிடு" என்றனர். சுதந்திர தினத்தன்று இரவு, இன்று கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா பெயரால் வழங்கும் நகர இரயில் நிலையத்தில், பைகளும் பெட்டிகளுமாக ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டனர். கௌஹாத்திக்குச் சிறப்பு வண்டிகள் விடப்பட்டன. நெரிசலைத் தீர்க்கவே அவை விடப்பட்டன. எனினும், "அரசே வண்டி விடுகிறதென்றால் அபாயம் மெய்தான்" என்று சிலர் எண்ணியிருத்தலும் கூடும். அன்றைய முதலமைச்சர் ஜகதீஷ் ஷெட்டர் அஞ்சவேண்டா என்று வேண்டிக்கொண்டார். சில நாள்களுக்குள் பல்லாயிரம் பேர் வெளியேறினர். ரமலான் வந்தது, போயிற்று. அவர்கள் அஞ்சிய பெருந்தாக்குதல் பெங்களூரில் நடைபெறவில்லை.

வெளியேறியவர்களை எளிதில் ஏமாறுபவர்கள் என்று எண்ணிவிடல் ஆகாது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி இந்நகரில் கலவரம் நிகழ்ந்தபோது, தமிழ்க் குடும்பங்கள் பல உண்மையாகவே வீடிழந்து ஊர் திரும்பின. அயலூரில் வாழ்பவனுக்கு அச்சம் என்பது முன்பணம் கட்டி வைத்திருக்கும் பொருள் போன்றது. எப்போது வேண்டுமானாலும் கைக்கு வந்துசேரும். அவனிடம் ஒரு செய்தி, 'அடிப்பார்கள்' என்று வருவதற்கும், 'அடிப்பார்களாம்' என்று வருவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதைக் கேட்டவன் பெட்டி கட்டுவான். பின்னதைக் கேட்டவன், "யார் சொன்னார்கள்?" என்று ஒரு முறையேனும் கேட்பான்.

மைய அரசு அப்போது மேற்கொண்ட நடவடிக்கை நினைவிருக்கலாம். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை 15 நாள்களுக்குத் தடைசெய்து, ஒருவர் ஒரு நாளில் 5 செய்திக்குமேல் அனுப்பலாகாது என்றனர். பின்னர் அதனை 20 ஆக்கினர். எண்ணிக்கையைக் குறைத்தல் தீயின் வேகத்தைக் குறைக்கும் என்பது மெய்யே. ஆனால், "நான் நலமாக இருக்கிறேன், இங்கே ஒன்றும் இல்லை" என்று ஊருக்குச் சொல்ல முயன்றவருக்கும் அதே ஐந்துதான் வாய்த்தது.

மறுப்பு ஏன் வதந்தியை வெல்வதில்லை என்பதைப்பற்றி, எம் மேசையிலிருந்து பார்க்கும்போது தோன்றுவது ஒன்று. வதந்தி நம் வீட்டு மொழியில் வருகிறது. "அண்ணா, பிள்ளைகளை இரண்டு நாளைக்கு வெளியே விடாதீர்கள், காவல்துறையில் இருக்கும் என் நண்பர் சொன்னார்" என்று உறவு முறை சொல்லி அழைக்கிறது. மறுப்போ ஆங்கிலத்தில் பிறந்து, கோப்பிலேறி, எம் போன்றார் கைக்கு வந்து, "மேற்படிச் செய்தி ஆதாரமற்றதெனப் பொதுமக்களுக்கு இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது" என்ற கோலத்தில் வெளியேறுகிறது. அதற்குள் வதந்தியைத் தமிழ், கன்னடம், இந்தி என எல்லா மொழியிலும் ஊதியமின்றிப் பெயர்த்து முடித்திருப்பார்கள். அவர்களுடைய மொழிபெயர்ப்பு எம்முடையதைவிடச் சுவையாக இருப்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மேலும், அந்தக் "காவல்துறையில் இருக்கும் என் நண்பர்" யாருக்கு நண்பர்? முதலில் எழுதியவருக்கு ஒருகால் இருந்திருக்கலாம். ஆறாவது கைக்கு வரும்போது, அனுப்பியவர் நம் மைத்துனர் ஆதலின், அவருடைய நண்பர் என்றே கொள்கிறோம். வாயால் சொல்லியிருந்தால் மைத்துனர், "யாரோ ஒருவருடைய நண்பர் சொன்னாராம்" என்றுதான் சொல்லியிருப்பார். அவரறியாமலே நாக்கு அந்த ஈற்றைச் சேர்த்திருக்கும். விரலால் தள்ளிவிடும்போது நாக்குக்கு வேலை இல்லை, ஈறும் விழுந்துவிடுகிறது.

2016 செப்டம்பரில் காவிரி நீர் குறித்து உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட நாள்களில், கன்னடத் திரை நடிகர்களைக் கேலி செய்து படங்கள் இட்டார் என்று பொறியியல் மாணவர் ஒருவரைப் பெங்களூரில் ஒரு கும்பல் அடித்தது. அடித்ததையே படம் பிடித்துப் பரப்பினர். அதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் கன்னடர் தாக்கப்பட்ட காட்சிகள் இங்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு காட்சியும் மற்றொன்றை ஈன்றது. செப்டம்பர் 12ஆம் நாள் இந்நகரில் தமிழகப் பேருந்துகள் பல எரிக்கப்பட்டன. இங்கே பொய் ஏதும் இல்லை, காட்சிகள் மெய்யே. ஆயினும் ஒரு தெருவில் நால்வர் செய்தது, கைப்பேசியில், "தமிழர் அடிக்கிறார்கள்", "கன்னடர் அடிக்கிறார்கள்" என்று ஆகிவிட்டது. செய்தது யார் என்பதும், எத்துணைப் பேர் என்பதும் ஈற்றோடு சேர்ந்து உதிர்ந்துபோயின.

2018 மே மாதத்தில் பெங்களூர்ச் சாமராஜபேட்டையில், இராஜஸ்தானத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை இளைஞர் ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்றுக் கூட்டத்தார் அடித்துக் கொன்றனர். அக்காலத்தில் ஊரெங்கும் சுற்றிய படங்களுள் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வந்தோர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வதைக் காணலாம். அது கராச்சி நகரில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை எச்சரிக்க எடுக்கப்பட்ட விளம்பரப் படம். சிறுவனைத் தூக்கியவர்களே திரும்பி வந்து, அவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்த இறுதிப் பகுதியை எவரோ வெட்டிவிட்டனர்.

இத்தகைய குற்றம் அயலாரிடம் மட்டுமே உண்டு என்று தமிழர் நெஞ்சுயர்த்த இயலாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் வடநாட்டில் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் உழைத்துவந்த அம்மக்கள் அஞ்சினர். ஊருக்குப் புறப்பட்டோரும் உண்டு. காணொளிகள் வேறு நிகழ்ச்சிகளைக் காட்டுவன என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி நேரில் கேட்டறிந்தது. பெங்களூரில் நாம் இருக்கும் இடத்தில், திருப்பூரில் அவர்கள் இருந்தனர். அவர்கள் வருகையைப்பற்றி அதற்கு முன்னர் நம்மவர் குழுக்களில் எவ்வளவு ஏளனமான கருத்துக்கள் உலவின என்பதை, கைப்பேசி வைத்திருக்கும் நாம் யாவரும் அறிவோம்.

சாமராஜபேட்டைக் கொலை போன்றவை நாடெங்கும் நிகழ்ந்தபின், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்பது ஒன்று. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு வேளையில் ஓரிடத்துக்கே அனுப்பலாம் என மேலும் குறைத்தனர். மற்றொன்று, பிறரிடமிருந்து பெற்று அனுப்பிய செய்தியின் தலையில் 'ஃபார்வர்டட்' என்னும் குறிப்பு. எம் போன்றார் கண்ணுக்கு இது வேறொன்றுமில்லை, நம் 'ஆம்' தான். கன்னடத்தாரின் 'அந்தெ' தான். அமெரிக்காவில் இருக்கும் பொறியாளர்கள் ஆண்டுகள் பல கழித்து, ஓர் அம்புக்குறியாக அதனைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அக்குறிக்கு ஒரு குறையுண்டு. வந்த வாசகத்தை நகலெடுத்துப் புதிய செய்தியாக ஒட்டி அனுப்பினால், குறிப்பு மறைந்துவிடுகிறது. பெறுபவருக்கு அது அனுப்பியவரே எழுதியதாகத் தோன்றும். அவ்வாறு அனுப்ப நேரும்போது, வாசகத்தின் இறுதி வினையில் விரலை வைத்து, 'மூடுகிறார்கள்' என்பதை 'மூடுகிறார்களாம்' என்று திருத்த இரண்டு நொடிகூட ஆகாது. அதற்கு நம் தமிழ் விசைப்பலகையில் வசதி இருக்கிறது. திருத்திய செய்தி போய்ச்சேர்ந்த வீட்டில் யாரேனும் ஒருவர், "யார் சொன்னார்களாம்?" என்று கேட்பார். கன்னட வீடாயின், "யாரு ஹேளித்து?" என்பார்கள்.