கொட்டாஞ்சேனை மேடு

விடுமுறை வந்துவிட்டால், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாழ்வோர் மலை காண நுவரெலியாவுக்கும் அப்புத்தளைக்கும் புறப்படுவது வழக்கம். கொழும்பிலேயே ஏறி நடப்பதற்கு ஒரு மேடு உண்டு என்பதை அவர்களுட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனை, வுல்பெண்டால், ஜிந்துப்பிட்டி ஆகிய பகுதிகளைத் தாங்கி நிற்கும் நிலமே அது. மலையென்று சொல்லத்தக்க உயரம் அதற்கு இல்லை. ஆயினும், ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கத்தக்க அவ்வழியில் பழைய தேவாலயங்கள் நான்கு உள. வழியின் முடிவில் இடித்தழிக்கப்பட்ட ஒரு கோட்டையின் எச்சமும் உண்டு.

நடையைக் கொச்சிக்கடையில், புனித அந்தோனியார் திருத்தலத்தில் தொடங்குதல் நன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டிருந்தது. அக்காலத்திற் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவர் கரையோர மீனவரிடம் அடைக்கலம் புகுந்தார் என்பதும், அவர் சிலுவை நாட்டிச் செபிக்கவே கரையை அரித்த கடல் பின்வாங்கிற்று என்பதும் வழிவழி வந்த கதை. இன்றுள்ள கோயில் 1834ஆம் ஆண்டில் நிறைவுற்றது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கு கூடுவோருட் கத்தோலிக்கர் மாத்திரமல்லர், இந்துக்களும் பௌத்தரும் முஸ்லிம்களும் உளர். அதற்கு அணித்தாகவே பொன்னம்பலவாணேசுவரர் கோயில் நிற்கின்றது. 1856இல் பொன்னம்பல முதலியார் நிறுவிய அக்கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லாற் புதிதாக எடுப்பித்தார்.

ஜம்பட்டா வீதி வழியே மேடேறினால், புனித லூசியா பேராலயத்தின் பெருங்குவிமாடம் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பல்லாண்டு உழைப்பால் எழுந்த கட்டடம் அது. அதன் அயலிலேதான் பௌத்தரின் தீபதுத்தாராமய விகாரையும் உள்ளது. 1883ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, அவ்விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் வழியில் தாக்கப்பட்டது. கலவரம் மூண்டது; இரத்தம் சிந்திற்று. குற்றவாளிகள் தண்டிக்கப்படாமை கண்டு மனம் நொந்த பௌத்தர்கள், கேணல் ஒல்கொற்றை இலண்டனுக்கு அனுப்பி முறையிட்டனர். 1885இல் வெசாக் பூரணை அரச விடுமுறையாயிற்று. அண்டை வீட்டார் ஒருநாள் மதி மயங்கினால் எத்துணைத் தீங்கு விளையும் என்பதற்கு அவ்வீதிகளே சான்று.

அங்கிருந்து தெற்கே நடந்தால் வுல்பெண்டால் தேவாலயத்தை அடையலாம். அவ்விடத்திற் போர்த்துக்கேயர் குவாதலூப்பே அன்னைக்குக் கோயில் எடுத்திருந்தனர் என்றும், அப்பெயரின் ஒலியை ஓநாயைக் குறிக்கும் சொல்லாகப் பிறழ உணர்ந்த ஒல்லாந்தர் ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் பெயரை வைத்தனர் என்றும் கூறுவர். இலங்கையில் ஓநாய் இல்லை. மேட்டில் ஊளையிட்ட நரிகளே அப்பெயருக்குக் காரணம் என்பாரும் உளர். 1749இல் தொடங்கிய திருப்பணி 1757இல் நிறைவெய்தியது. கபுக்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் ஆன சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடிக் கனம் உடையன. 1813இல், கோட்டையினுள் இருந்த பழைய தேவாலயத்து ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்கள், தீவட்டி ஒளியில் ஊர்வலமாக இங்கே கொணரப்பட்டன. கோட்டையை ஆண்டோர் இறுதியில் இம்மேட்டிலேயே இடம் பெற்றனர்.

ஜிந்துப்பிட்டிப் புனித தோமா தேவாலயம் தமிழருக்குச் சிறப்பாக உரியது. ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில், 1815இல், தமிழ்க் கிறித்தவருக்கென அது கட்டப்பட்டது. சுவார்ட்சு ஐயரிடம் பயின்று தஞ்சையிலிருந்து வந்த கிறிஸ்தியன் தாவீது அங்கே பணிபுரிந்தார். 1824இல் கல்கத்தாவில் ஈபர் அத்தியட்சர் கையாற் குருப்பட்டம் பெற்றவர் அவர்.

இனி வழி இறங்குகின்றது. ஆடிவேல் புறப்படும் செட்டியார் தெருவைக் கடந்து புறக்கோட்டையைச் சேர்ந்தால், கோட்டை எங்கே என்று புதியவர் வினவுவர். ஊர்ப்பெயரில் மாத்திரமே கோட்டை எஞ்சியுள்ளது. போர்த்துக்கேயர் கட்டிய அரணை ஒல்லாந்தர் ஏழு மாதம் முற்றுகையிட்டனர். பசியாலும் பிணியாலும் நலிந்த காவற்படை 1656 மே 12இற் சரணடைந்தது. ஒல்லாந்தர் திருத்தி அமைத்த அரணோ, 1796இற் பெரும்போர் இன்றியே ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நகரின் வளர்ச்சிக்கு இடையூறெனக் கருதி, ஆங்கிலேயர் 1869 முதலாக அதன் மதில்களை இடித்தனர். டெல்ஃப்ட் வாயிலின் எச்சம் இன்று வங்கிக் கட்டடம் ஒன்றின் பாதுகாப்பில் நிற்கின்றது.

பகைவரைத் தடுக்க எழுந்த மதில் மறைந்தது. எவரும் நுழையத் திறந்து வைத்த வாயில்கள் நிலைத்தன. ஆயின், திறந்த வாயிலுக்கும் இடர் உண்டு. 2019 ஏப்ரல் 21இல், மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைத் திருத்தலத்தில் வழிபட்டு நின்றோரிடையே குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் நிகழ்ந்த தாக்குதல்களில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அவ்வாயிலை அடைத்துவிடுவதோ, அதன் முன் உயர்ந்த மதில் எழுப்புவதோ அச்சத்திற்கு ஏற்ற வழியாகத் தோன்றியிருக்கலாம். எனினும், சில வாரங்களுள்ளேயே, சூன் மாதத்தில், திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் திரும்பிற்று.

கொழும்பில் வாழ்வோர் ஒரு ஞாயிறு காலையில், வெயில் ஏறுமுன், இம்மேட்டைத் தம் பிள்ளைகளுடன் நடந்து காண்பாராக. மதிலின் கனத்தையும் கோபுரத்தின் உயரத்தையும் பிள்ளைகள் தாமே அளந்து கொள்வர். அவ்விரு ஞாயிறுகளின் கதையை மாத்திரம் பெரியோர் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.