உசாவுதல் எனும் வினை
(அரசியல் வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சட்டமூலம் ஒன்றிலே "கலந்தாலோசித்து" என்ற சொல் இடம்பெற்றுவிட்டால் நம்மவர் பலர் மனநிறைவு எய்திவிடுகின்றனர். அச்சொல்லை நிறுத்துப் பார்த்த பின்னரே நாம் மகிழ்தல் தகும்.

அறிவுரை நாடுதலைக் குறிக்கும் பழந்தமிழ் வினை உசாவுதல். உசா என்பதற்குச் சூழ்ச்சி எனப் பொருள் உரைத்தார் தொல்காப்பியர். இன்று சூழ்ச்சி என்றால் சதி. அன்றோ அது கூடியிருந்து எண்ணுதல். அரசனுக்கு அறிவுரை கூறுவோரைச் சூழ்வார் என்றே வள்ளுவரும் வழங்கினார். ஆலோசனை எவ்வாறு சதியாகத் திரிந்தது என்பதை அறிய நமக்கு அகராதி வேண்டுவதில்லை; கொழும்பு அரசியலே போதும்! மனம்விட்டு யோசனை கேட்கத்தக்க நண்பனைக் குறித்த உசாத்துணை என்னும் சொல்லும் இன்று நம் நூல்களின் கடைசிப் பக்கத்திலே நூற்பட்டியலின் தலைப்பாக ஒதுங்கி நிற்கின்றது.

உசாவுகின்றவன் இன்னும் முடிவு செய்யாதவன். முடிவு செய்தபின் கேட்பது அறிவித்தலேயன்றி உசாவுதலன்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1947ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பின் கீழ், மகாதேசாதிபதி பிரதமரின் ஆலோசனைப்படியே நடந்தார். ஆலோசனை என எழுதிக் கட்டளை என வாசித்தனர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமும், மாகாணத்திலுள்ள அரச காணியைப் பிரசைகளுக்குப் பராதீனப்படுத்துவது மாகாண சபையின் ஆலோசனையின் பேரிலேயே என்கின்றது. பிரதமர் வாயிலிருந்து வந்தபோது கட்டளையாயிருந்த சொல், மாகாண சபையின் வாயிலிருந்து வரும்போது மட்டும் விண்ணப்பமாகிவிடுமா?

அயல்நாட்டைப் பாருங்கள். இந்திய யாப்பு, நீதிபதிகளை நியமிக்குமுன் தலைமை நீதியரசரைக் கலந்தாலோசிக்கும்படி கூறுகின்றது. அது இணக்கம் பெறுதல் ஆகாதென 1981இல் தீர்ப்பாயிற்று. 1993இல் அதே உச்ச நீதிமன்றம் தலைமை நீதியரசர் தரப்புக் கருத்துக்கே முதன்மை அளித்தது. யாப்பின் எழுத்து மாறவில்லை, பொருள் தலைகீழாயிற்று.

நம் நாட்டில் 2012இல் திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பப்பட வேண்டியதாயிற்று. வடக்கிலே மக்கள் தெரிந்தெடுத்த சபை அப்போது இல்லை. ஆளுநரே இணக்கம் தெரிவித்தார். சபைக்குப் பதிலாக அவர் கருத்துரைக்க இயலாதென உயர் நீதிமன்றம் கூறிற்று. ஆயினும் நடந்தது என்ன? 2013 ஜனவரியில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன் பாராளுமன்றம் அதனை நிறைவேற்றியது. வடமாகாண சபைக்கு முதற் தேர்தல் நடந்ததோ அதே ஆண்டு செப்டெம்பரிலே. கேட்கப்பட வேண்டியவர் பிறப்பதற்கு முன்னரே கேள்வி முடிந்துவிட்டது.

ஆதலின் யாப்பு வரைவு எதுவாயினும், கையில் எடுத்ததும் அதன் வினைச்சொற்களின் கீழ்க் கோடிடுங்கள். யாரைக் கேட்பது, முடிவுக்கு முன்னரா, கேட்கப்பட்டவர் மறுத்தால் அடுத்து நடப்பது யாது என்று தேடுங்கள். கடைசிக் கேள்விக்கு அங்கே விடையில்லையேல், "கலந்தாலோசித்து" என்பதை வெட்டி "இணக்கத்துடன்" என எழுதுமாறு நாம் கோருவோம்.