விளைந்த மண்ணுக்கு விளங்காத ஆய்வு

(ஆய்வு மாணவரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

'உழவு, மருத்துவம், கணக்கு, வானூர்தி ஆகிய நால்துறை ஆய்வும் தமிழும்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. மண்ணைக் கிளறும் துறை ஒன்று; உயிரைக் காக்கும் துறை ஒன்று; உள்ளத்துள்ளேயே வளரும் துறை ஒன்று; விண்ணில் பறக்கும் துறை ஒன்று. ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும் இந்நான்கையும் ஒரே கயிற்றில் கட்டுவது எங்ஙனம் என முதலில் மலைத்தேன். எண்ணிப் பார்த்தபோது நான்கிற்கும் பொதுவான செய்தி ஒன்று புலப்பட்டது. நான்கிலும் தமிழன் உழைப்பும் அறிவும் கலந்திருக்கின்றன. நான்கிலும் விளைந்த அறிவு அவன் மொழிக்கு முழுமையாகத் திரும்பி வரவில்லை. இதுவே யான் இன்று சொல்ல வந்தது.

முதற்கண் உழவை எடுத்துக்கொள்வோம். 1912-ஆம் ஆண்டில் கோவையில் கரும்பு இனப்பெருக்க ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. கோவையை ஏன் தேர்ந்தனர்? கரும்பை நாம் கரணை நட்டுப் பயிர் செய்கின்றோம். கரணையிலிருந்து வளர்வது தாயை ஒத்த பயிரே. புதிய இனம் வேண்டுமெனின் கரும்பு பூத்து விதை பிடித்தல் வேண்டும். வடபுலத்து நிலங்களில் கரும்பு எளிதில் பூப்பதில்லை. கோவையிலோ பூத்து விதை தந்தது. அங்கே பார்பர் என்னும் ஆங்கில அறிஞரும், அவருடன் பணியாற்றிப் பின் அவர் பணியைத் தொடர்ந்த வேங்கடராமனும், 'வெள்ளை' என்னும் பருங்கரும்பையும் தானே வளரும் பேய்க்கரும்பையும் கலப்புறச் செய்தனர். ஒன்றினிடமிருந்து இனிப்பும் மற்றொன்றினிடமிருந்து வன்மையும் வந்து கூடின. 'கோ 205' பிறந்தது. 1918-ஆம் ஆண்டில் அது பஞ்சாபு உழவர்க்கு அளிக்கப்பெற்றது.

அன்பர்களே! 'கோ' என்பது கோயமுத்தூரின் முதலெழுத்து. 'வெள்ளை' என்பதோ பச்சைத் தமிழ்ச் சொல். கரும்பினங்களின் கால்வழியை ஆராயும் நூல்களில் இச்சொல் இன்றும் அவ்வாறே நிற்கின்றது. ஆனால், அச்சொல்லை வழங்கிய உழவன் மகன் அந்நூல்களைப் படிக்க முடியுமா? மண் தமிழ்மண், உழைத்த கை தமிழன் கை, அறிக்கை மட்டும் ஆங்கிலம்! விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுவராத உழவை எவரேனும் உழவென்பரோ?

அடுத்துக் கணக்கு. ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கி, அதில் ஒரு கூறுக்கு 'முந்திரி' எனப் பெயரிட்டான் தமிழன். அம்முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பகுத்துக் 'கீழ்முந்திரி' என்றான். அஃதாவது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் இத்தகைய கீழ்வாய் இலக்கங்களை வாய்பாடாகவே ஒப்பித்தனர். அவ்வாறு எண்ணோடு பழகிய நாட்டில், 1887-இல் ஈரோட்டில் பிறந்தார் இராமானுசன். குடந்தையில் வளர்ந்து, 1904-இல் கல்லூரிக்குள் உதவித்தொகையோடு நுழைந்தார். கணக்கில் அவருக்கு நிகரில்லை. ஆயினும் ஆங்கிலத் தேர்வில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் வெற்றி பெறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் திங்களுக்கு 30 உருபா ஊதியத்தில் எழுத்தராய் அமர்ந்தார்.

1913-ஆம் ஆண்டுச் சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு அவர் எழுதிய மடலே அவர் வாழ்வைத் திருப்பியது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 உருபா ஆய்வுத்தொகை வழங்கியது. 1918-இல் இங்கிலாந்தின் அரசக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1920-இல் தம் 32-ஆம் அகவையிலேயே அவர் மறைந்தார்.

"அவர் ஆங்கிலத்தில்தானே மடல் எழுதினார்?" என்று கேட்பீர்கள். ஆம். அயலார்க்கு அயல்மொழியில் எழுதுவதை யார் தடுத்தார்? பிறமொழி கற்பதை நாம் மறுக்கவில்லை. நம் வீட்டுக் களத்தில் நெல்லைப் புடைக்கும் முறம் எது என்பதே நம் கேள்வி. கணக்கறிவை அளக்க வேண்டிய இடத்தில் ஆங்கில அறிவை அளந்தனர். ஒரு மாமணி பதரோடு வெளியே கொட்டப்பட்டது. ஒரு மடல் அம்மணியை மீட்டது. மடல் எழுதாத, எழுதியும் விடை பெறாத மணிகள் எத்தனை? அவற்றின் பெயரை நாம் அறியோம். அவ்வறியாமையே இவ்விழப்பின் அளவு!

மூன்றாவது மருத்துவம். "தமிழில் மருத்துவமா? இயலாது" என்போர் யாழ்ப்பாணத்து மானிப்பாயை எண்ணிப் பார்க்கட்டும். 1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார் சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கலானார். ஆங்கிலத்தில் கற்றோர் அரசுப் பணி தேடி அகல்வர். தமிழில் கற்றோர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்கட்கு மருத்துவம் செய்வர் என்பது அவர் கண்ட உண்மை. உடற்கூறு, மகப்பேறு, அறுவை, வேதியல் எனப் பல துறை நூல்களை அவரும் அவர்தம் மாணவரும் தமிழாக்கினர். நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் அவை விரிந்தன. அந்நூல்களில் வடசொற் கலப்பு மிகுதி; அதனை நாம் மறைக்கவில்லை. கலப்பை நீக்குவது நம் கடமை. தமிழால் இயலும் என்பதை மெய்ப்பித்தது அவர் பெருமை. கடல் கடந்து வந்தவர்க்கு இருந்த நம்பிக்கை, இங்கேயே பிறந்த நமக்கு இல்லாதது வெட்கமன்றோ?

சப்பானியரைப் பாருங்கள். 1774-ஆம் ஆண்டில் சுகிதா கென்பாகு என்பாரும் அவர் நண்பரும் ஒலாந்திய மொழியிலிருந்த உடற்கூற்று நூலைத் தம் நாட்டில் வழங்கும் எழுத்துக்குக் கொண்டுவந்தனர். நரம்பைக் குறிக்கத் தகுந்த சொல் அவர்களிடம் இல்லை. புதிதாய் ஒன்றைப் படைத்தனர். இன்றும் சப்பானில் அச்சொல்லே வழங்குகின்றது. நமக்கோ 'நரம்பு' என்னும் சொல் யாழ் இசைத்த நாளிலிருந்தே உண்டு. சொல் இல்லாதவன் படைத்துக்கொண்டான். சொல் உடையவன் இரந்து நிற்கின்றான்! 2008-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற மசுகாவா என்னும் சப்பானிய அறிஞர், தம் பரிசுப் பேருரையைத் தம் தாய்மொழியிலேயே நிகழ்த்தினார். உலகம் அவரை இகழவில்லை, மொழிபெயர்த்துக் கேட்டது.

நான்காவது வானூர்தி. 1949-இல் சென்னைக் குரோம்பேட்டையில் தொடங்கப்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில், 1950-களில் வானூர்திப் பொறியியல் பயின்றார் இராமேசுவரத்து அப்துல் கலாம். அங்கிருந்த தமிழ்ச் சங்கம் கட்டுரைப் போட்டி ஒன்றை நடத்தியது. நம் வானூர்தியை நாமே படைப்போம் என்னும் பொருளில் அவர் தமிழில் கட்டுரை எழுதி முதற்பரிசு பெற்றார்; ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் பரிசு வழங்கினார். 1980-ஆம் ஆண்டு சூலை 18-ஆம் நாள் உரோகிணி செயற்கைக்கோளை விண்ணிற் சேர்த்த ஏவூர்தித் திட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் அவரே. விண்ணை அளக்கப் போகும் இளைஞன் தன் கனவைத் தாய்மொழியில் எழுதிப் பார்த்தான் என்பதை மறவாதீர்கள்! கனவு தமிழில் வரும். கட்டுரை தமிழில் வரும். ஆய்வேடு மட்டும் தமிழில் வராது என்பது என்ன முறை?

"கலைச்சொற்கள் எங்கே?" என்பது பழைய கேள்வி. தனித்தமிழ் இயக்கம் அரும்பிய 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனக் கழகம் அமைத்தனர். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. சொற்கள் உள்ளன, அவை ஆளப்படவில்லை. நீந்தக் கற்ற பின்பே நீரில் இறங்குவேன் என்பான் என்று நீந்துவான்?

ஆகவே, ஆய்வு மாணவர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன். ஒன்று: உங்கள் ஆய்வேட்டை எம்மொழியில் அளிக்க நேர்ந்தாலும், அதன் முழுக்கருத்தையும் விளக்கும் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை நீங்களே எழுதுங்கள். இரண்டு: ஆண்டுக்கு ஒரு கட்டுரையேனும் நல்ல தமிழில் வெளியிடுங்கள், சொல் கிடைக்காத இடத்தில் உழவரையும் தொழிலாளரையும் மருத்துவச்சியரையும் கேளுங்கள், அவர்கள் வாயில் சொல் இருக்கும். மூன்று: எவர் வயலில் ஆய்ந்தீர்களோ, எவர் நோயை ஆய்ந்தீர்களோ, அவரிடமே திரும்பிச் சென்று கண்ட முடிவைச் சொல்லுங்கள். அவர்க்கு விளங்கினால் உங்கள் ஆய்வு நிறைவுற்றது; விளங்காவிடில் அது இன்னும் முடியவில்லை.

இவற்றுக்கு அரசாணை வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. மானம் ஒன்றே வேண்டும். அறிவியல் தமிழில் பேசும் நாளை நீங்களே தொடங்கி வையுங்கள்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழறிவு!