இமயத்துக்கு அப்பால் ஓர் ஆங்கில வகுப்பு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ரயில்வேயில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒருவன் லடாக்கிலே போய் ஆங்கிலம் கற்பித்த கதையைச் சொல்ல வேண்டும் என்று செயலாளர் எனக்கு அன்புக் கட்டளை இட்டிருக்கிறார். சம்பளம் உண்டா என்று நண்பர்கள் சிலர் முன்னரே கேட்டுவிட்டனர். இல்லை. உணவும் உறைவிடமும் ஊரார் தருவர், வழிச்செலவு நம்முடையது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? நாகபுரியின் மே மாத வெயிலிலிருந்து தப்பினால் போதாதா என்று என் மனைவியும் சொன்னாள். ஆயினும் அங்கு இரண்டு பள்ளியாண்டுகளும் இடையில் ஒரு குளிர்காலமும் தங்குவேன் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

லே நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலத்தைப் போல ஒன்றரை மடங்கிற்கும் மேல். விமானத்தை விட்டு இறங்கியவர்கள் முதல் இரண்டு நாள் படுக்கையில் கிடப்பதே அறிவுடைமை. மூச்சு அவ்வளவு எளிதில் பழகாது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஐப்பசி மாதத்தில் ஒரே இரவில் அவ்வளவு பெய்துவிடும். மலைகளில் ஒரு புல் இல்லை. பனி உருகி வரும் ஓடையைக் கால்வாய் வெட்டித் திருப்பிய இடத்தில் மட்டும் வாற்கோதுமை வயலும் சர்க்கரைப் பாதாமி மரங்களும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. நான் இருந்த சிற்றூர் லேக்கு மேற்கே, ஷாம் என்னும் பகுதியில், சிந்து நதியை ஒட்டியது. சிந்து என்று ஏட்டில் படித்த நதியில் கை நனைத்தபோது எனக்கு உண்டான உவகையைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கவர விரும்பவில்லை.

ஆங்கிலம் கற்பிக்க ஏன் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்ற வினாவிற்கு விடை, அந்நாட்டுப் பள்ளிகளின் வரலாற்றில் இருக்கிறது. லடாக் முன்பு ஜம்மு காஷ்மீர் மாநிலத்தின் பகுதி. 2019 அக்டோபர் 31 முதல்தான் தனி ஒன்றியப் பகுதி. பழைய அமைப்பில் அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை உருது வழியே பாடம். ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். வீட்டில் பேசுவதோ லடாக்கி. ஆக, ஒரு சிறுவன் தாய்மொழியைப் பள்ளி வாயிலில் விட்டுவிட்டு ஒரு மொழிக்குள் நுழைந்து, அது பழகுமுன் மற்றொரு மொழிக்குள் தள்ளப்பட்டான். பத்தாம் வகுப்புத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தோற்றுக்கொண்டிருந்தனர் என்பது, இதை மாற்றுவதற்காக 1988 இல் லடாக்கிய மாணவர் சிலரே தொடங்கிய செக்மோல் என்னும் இயக்கத்தார் கூறும் கணக்கு. பிள்ளைகள் மந்தபுத்தியினர் அல்லர், பள்ளிதான் அவர்களுக்குப் பொருந்தவில்லை என்று அவர்கள் வாதிட்டனர். 1994 இல் ஊர் மக்களையும் அரசையும் சேர்த்துக்கொண்டு பள்ளிச் சீர்திருத்தத்தைத் தொடங்கினர். லடாக்கின் மரமும் விலங்கும் இடம்பெறும் பாடநூல்களைக் கொணர்ந்தனர். அதன்பின் நிலைமை மிகவும் தேறிற்று. எனினும் ஆங்கிலம் என்ற மதில் முற்றும் இடிந்துவிடவில்லை. அம்மதிலில் ஏணி சார்த்துவதற்கென்று கோடைதோறும் பல நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் வருகின்றனர்.

நான் சென்ற முதல் நாள், மூன்றாம் வகுப்பில் காலடி வைப்பதற்குள், நான் கேளாமலே, “ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ!” என்று முப்பது குரல்கள் முழங்கின. அடுத்து ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: “எத்தனை நாள், சார்?” அந்தக் கேள்வியின் பொருள் பின்னர்தான் விளங்கிற்று. இரண்டு வாரம் தங்குபவர் உண்டு. நான்கு வாரம் தங்குபவர் உண்டு. ஒவ்வொருவரும் புதிதாய்த் தொடங்குவர். கண், காது, மூக்கு, ஒரு பாட்டு, ஒரு புகைப்படம். அவர் போனதும் அடுத்தவர் வந்து மீண்டும் கண், காது, மூக்கு. வந்தவர்கள் நல்லவர்களே, பிள்ளைகளும் அவர்கள்மேல் உயிராய் இருந்தனர். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் அழுது அழுது, பின்பு அழுவதையே விட்டுவிட்ட பிள்ளைகள் அவர்கள். நாள் கணக்கைக் கேட்டறிந்து, அதற்குத் தக்க அளவே அன்பை அளந்து கொடுக்கக் கற்றிருந்தனர்.

ஒன்பதாம் வகுப்பில் வேறொன்று கண்டேன். கட்டுரை எழுதத் தெரியுமா என்று கேட்டதற்கு, ஒரு பையன் எழுந்து நின்று, “ஒரு ரயில் பயணம்” என்னும் ஆங்கிலக் கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்புவித்தான். நடைமேடையில் கூட்டம், கூலிகள் ஓடுகின்றனர், காவலர் பச்சைக்கொடி காட்டுகிறார், எல்லாம் இருந்தது. முப்பத்தைந்து ஆண்டு ரயில்வேயில் ஊழியம் செய்தவன் நான். என்னால்கூட அவ்வளவு அழகாகச் சொல்ல இயலாது. “நீ ரயிலில் போயிருக்கிறாயா, தம்பி?” என்றேன். இல்லை. பார்த்திருக்கிறாயா? இல்லை. லடாக்கில் இருப்புப் பாதையே கிடையாது. நடைமேடை என்றால் என்ன என்று கேட்டேன், விழித்தான். நோட்ஸ் நூலில் இருந்தது, மனப்பாடம் செய்தான், அவ்வளவே. அவன் மேல் குற்றமில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடைக்கும் என்பதும் உண்மை.

அன்று மாலை உள்ளூர் ஆசிரியை ஒருவருடன் அமர்ந்து யோசித்தேன். முப்பது வயதுகூட நிரம்பாத அப்பெண்மணிக்கு ஆங்கில இலக்கணம் என்னைவிட நன்றாகத் தெரியும், பேசத்தான் கூச்சம். நான் வகுப்பெடுப்பது, அவர் ஓரத்தில் உட்காருவது என்ற முறையை மாற்றினோம். அவர் எடுப்பார், நான் ஓரத்தில். இரவில் மறுநாள் பாடத்தை இருவரும் பேசிப் பார்ப்போம். கட்டுரைத் தலைப்புகளையும் மாற்றினோம். அவ்வூரில் வயலுக்குத் தண்ணீர் முறை வைத்து விடுபவருக்குச் சுர்ப்போன் என்று பெயர். நம் பக்கத்து ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்கிறோமே, அவரே தாம். இன்று யார் முறை, நாளை யார் முறை, முறை தவறித் திருப்பியவனுக்கு என்ன தண்டம்? இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. ஒருத்தி தன் மாமன் வயலுக்கு அநீதி நடந்ததென்று இரண்டு பக்கம் எழுதினாள். பிழைகள் மலிந்த இரண்டு பக்கம். ஆனால் அவளுடைய இரண்டு பக்கம்.

இங்கே தமிழன் என்ற முறையில் எனக்குக் கிட்டிய ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். லடாக்கி மொழி திபெத்திய இனத்தைச் சேர்ந்தது. தமிழுக்கும் அதற்கும் உறவில்லை. ஆயினும் நம்மைப் போலவே அவர்களும் வினையை வாக்கியத்தின் இறுதியில் வைக்கின்றனர். “மேசையின் மேல்” என்பது போல, மேல் கீழ் என்னும் சொற்களைப் பெயருக்குப் பின்னே வைக்கின்றனர். ஆங்கிலத்தைப் பிறவி மொழியாய்ப் பேசும் தொண்டருக்கு இப்பிள்ளைகள் ஏன் அங்கே தடுக்குகின்றனர் என்பது புரிவதில்லை. திருநெல்வேலிப் பள்ளியில் அதே இடத்தில் தடுக்கி எழுந்த எனக்கு அது தெரியும்.

இன்னொரு விந்தை. “இருக்கிறது” என்பதற்கு அவர்களிடம் மூன்று சொற்கள் உள. தனக்கே உரிய, தானே நன்கறிந்த ஒன்றைச் சொன்னால் “யோத்”. கண்ணால் கண்டதைச் சொன்னால் “துக்”. சூடு, மணம், வலி, ஓசை போன்று பிற புலன்களால் உணர்ந்ததைச் சொன்னால் “ரக்”. பிறர் சொல்லக் கேட்டதாயின் இறுதியில் “லோ” சேர்ப்பர். நாம் “மழை பெய்கிறதாம்” என்று “ஆம்” சேர்ப்பது போல. ஆங்கிலத்திலோ எல்லாவற்றிற்கும் ஒரே “இஸ்”. “பார்த்ததையும் பாராததையும் ஒன்றாகச் சொன்னால் அது பொய்யாகாதா, சார்?” என்று ஒரு மாணவன் கேட்டான். எந்த இலக்கண நூலும் எனக்கு அப்படியொரு கேள்வியைச் சொல்லித் தரவில்லை. “நான் கண்டேன்”, “கேள்விப்பட்டேன்” என்று ஆங்கிலத்தில் முன்னே சேர்த்துச் சொல்லப் பழக்கினோம்.

குளிர்காலத்தைப் பற்றி இளைஞர்கள் கேட்க விரும்புவர். வெப்பம் சுழிக்குக் கீழ் இருபது டிகிரி வரை இறங்கும். பள்ளி மூடிவிடும். குழாய் உறைந்துவிடும், ஓடையில் பனிக்கட்டியை உடைத்து நீர் மொள்ள வேண்டும். கழிப்பிடம் மாடியில், நீர் கிடையாது, மண்ணை அள்ளிப் போடுவர், வசந்தத்தில் அது வயலுக்கு எருவாகும். குடும்பம் முழுவதும் சமையலறை அடுப்பைச் சுற்றியே வாழும். உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் முதல் வாரம் மருந்து, இரண்டாம் வாரம் உணவு, அதன்பின் அமுதம். வாற்கோதுமையும் பட்டாணியும் வறுத்தரைத்த மாவில் கிண்டும் “பாபா”வைக் கீரையும் தயிரும் கலந்த “தங்தூ”ரில் தொட்டு உண்கின்றனர். கேழ்வரகுக் களியும் கீரையும் அல்லாமல் வேறென்ன அது? பிள்ளைகள் என்னைச் “சார்” என்பதை விட்டு “மேமே-லே” என்று அழைக்கத் தொடங்கியதும் அந்தக் குளிரில்தான். மேமே என்றால் பாட்டனார். “லே” என்பது நம் “அவர்கள்” போன்ற மரியாதைச் சொல்.

நான் லடாக்கி கற்றது அவ்வடுப்படியில், அவ்வீட்டு மூதாட்டியாரிடம். அயலார் அம்மண்ணின் மொழியைக் கற்பது புதிதன்று. 1896 இல் அங்கு வந்த ஃபிராங்கே என்னும் ஜெர்மானியப் பாதிரியார், அம்மக்களின் கேசர் காவியத்தைத் தொகுத்தார். 1904 இல் அவர்கள் மொழியில் ஒரு செய்தித்தாளே அச்சிட்டார். நமக்கு ஜி. யு. போப் எப்படியோ, அவர்களுக்கு அவர் அப்படி. நான் கற்றதோ வீட்டுப் பேச்சு அளவுக்குத்தான். அது போதுமானதாயிற்று, அந்த அம்மையார் ஒரு நாள் கேட்ட கேள்வியைப் புரிந்துகொள்ள.

“பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறீர்களே, கற்றபின் அவர்கள் ஊரில் இருப்பார்களா?”

அன்பர்களே, இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பலர் அக்கேள்விக்கு விடை. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று, கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வடக்கே ரயிலேறியவர்கள் நாம். நம்மைக் கொண்டுவந்தது ஆங்கிலம். நிலத்தை விற்றாவது அதைப் படிக்க வைத்தவர்கள் நம் பெற்றோர். “சிலர் போய்விடுவர், அம்மா. நானும் போனவன்தான்” என்றேன். “உங்கள் தாயார் என்ன செய்தார்?” என்றார். மணியார்டர் வரும் நாளில் தபால்காரருக்காகத் திண்ணையில் அமர்ந்திருப்பாள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கோப்பையில் தேநீரை நிரப்பினார். அவருடைய மூத்த பேரன் சண்டிகரில் படிக்கிறான். இளையவன் என் வகுப்பு.

கற்பிக்காமல் விட்டுவிடலாம் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. ஏணியில் ஏறி வந்தவன், கீழே நிற்பவனுக்கு ஏணி வேண்டாம் என்று சொல்வது நேர்மையன்று. ஆனால் சுர்ப்போனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த பிள்ளை, தன் சொந்த எழுத்தில் அதை எழுத அறியாமல் போவது எனக்கு உறுத்திற்று. 2025 இல் அவர்களின் போட்டி மொழி லடாக்கின் ஆட்சி மொழிகளுள் ஒன்றாயிற்று; அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் அதற்கு இன்னும் இடமில்லை. ஆசிரியையும் நானும் வாரத்தில் ஒரு நாள் அக்கட்டுரைகளையே அவர்கள் எழுத்தில் எழுதச் செய்தோம். அவ்வெழுத்து வழக்கு பேச்சினின்று மிகவும் விலகியது; ஆங்கிலத்தைவிடக் கடினம் என்று பிள்ளைகள் முனகினர். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழும் முனகலை நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவ்வகுப்புகளை அந்த ஆசிரியையே தனியாக நடத்துகிறார். சென்ற மாதம் எழுதிய கடிதத்தில், கோடைத் தொண்டர்களுக்கு இனிப் பள்ளியார் ஓர் ஏட்டைக் கொடுத்து, முன்னவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்கச் சொல்கின்றனர் என்று தெரிவித்திருந்தார். பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றை அனுப்பியுள்ளார். பின்புறம் நூலக மேசையில் வைத்திருக்கிறேன். நம் சிறுவர்கள் அதைப் படித்து விடை எழுத வேண்டும். ரயில் கட்டுரையை ஒப்புவித்த பையன், ரயிலில் உண்மையாகவே போன யாராவது தனக்கு அதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.

அங்கே செல்ல விரும்பும் அன்பர்கள் இவ்விழா முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். ஒரு பள்ளியாண்டின் பாதியாவது தங்க இயலுபவர்களாயின் நல்லது. கம்பளி உடை என்னிடம் இரண்டு இருக்கிறது, தருகிறேன்.