வேலிக்கு வெளியே ஒரு விஞ்ஞானி

(தலைப்பு: அறிவியல் செய்தியைக் கேட்டதும் மக்களுக்கு எழும் சந்தேகம் – அறியாமையா? அறிவா? 'அறிவே' என்ற அணியில் பேசியது.)



எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "படித்தவன் அறிவியலை நம்புகிறான், படிக்காதவன் சந்தேகப்படுகிறான்" என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். ஐயா, எங்க வீட்டுக்கு ஒரு தடவை வாங்க! நான் முனைவர் பட்டம் வாங்கியவன். என் மனைவி பத்தாம் வகுப்பு. திங்கட்கிழமை பேப்பரில் 'காபி இதயத்துக்கு நல்லது, ஆராய்ச்சியாளர்கள் தகவல்' என்று போட்டிருந்தது. நான் உடனே இரண்டாவது டம்ளர் கேட்டேன். வியாழக்கிழமை அதே பேப்பரில் 'காபி கெடுதல், ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கை'. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். (சிரிப்பு) என் மனைவி கேட்டாள்: "ஏங்க, எத்தனை பேருக்குக் காபி கொடுத்துப் பார்த்தாங்க? எத்தனை டம்ளர்? எத்தனை வருஷம் பார்த்தாங்க? இதுக்குக் காசு கொடுத்தது காபிக் கம்பெனியா, டீக் கம்பெனியா?" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை மதிப்பிட உட்காருகிற அறிஞர் கேட்கிற நாலு கேள்வி இதுதான்! அவர் கேட்டால் அதற்குப் பெயர் மதிப்பீடு. என் மனைவி கேட்டால் அறியாமையா?

சரி, வீட்டுக் கதை போதும். ஏரிக்கரைக்கு வாருங்கள்.

பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி. சிறு பகுதி நம்முடையது, பெரும்பகுதி ஆந்திராவுடையது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு தீவு. அந்தத் தீவின் பெயர் உலகத்துக்கே தெரியும், ஸ்ரீஹரிகோட்டா. நாம் தொலைக்காட்சியில் பார்க்கிற ராக்கெட்டை அங்கே இருக்கிற மீனவர் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறார்.

2012ஆம் ஆண்டுக் கடைசியில் மாணவர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு குப்பத்துக்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போனேன். முதல் நாள் மாலை. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மைக் கிடைத்தால் விடுவேனா? "அன்பார்ந்த மீனவச் சொந்தங்களே! அறிவியல் வளர்ந்துவிட்டது. வானத்தில் இருக்கிற செயற்கைக்கோள் கடலில் மீன் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறது. நீங்கள் அலைய வேண்டாம், போய் அள்ளிக்கொண்டு வரலாம்!" என்று முழங்கினேன்.

கைதட்டல் வரவில்லை. ஓரமாக வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "வாத்தியாரே, மீனையா பாக்குது?"

நான் சொன்னேன், "ஆமாம் பெரியவரே, மீனைத்தான்."

"அம்மாம் உசரத்துலேர்ந்து தண்ணிக்குள்ள இருக்கற மீனையா?"

"அதுதான் விஞ்ஞானம்!"

"செரி. மேகம் மூடிக்கினா?"

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். மேகத்தைத் தூது விடத் தெரியும். மேகம் மூடினால் என்ன ஆகும் என்று தெரியாது. (சிரிப்பு) "அதையெல்லாம் விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மனசுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பாவம், படிக்காத மனுஷன்.' எதிரணி நண்பர் இப்போது சொன்னாரே, அதையேதான்!

ஊருக்குத் திரும்பி, கல்லூரியில் விலங்கியல் பேராசிரியரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஐயா, செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதே இல்லை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடல்நீரின் நிறத்தையும், மேற்பரப்பின் சூட்டையும்தான் அது அளக்கிறது. தண்ணீர் பச்சையாக இருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி இருக்கிறது என்று பொருள். பாசியைத் தின்னச் சிறு உயிர் வரும், அதைத் தின்னச் சின்ன மீன் வரும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். சூட்டுநீரும் குளிர்நீரும் சந்திக்கிற எல்லையில் மீன் கூடும். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, இந்தத் துறையிலிருந்து இந்தத் திசையில், இத்தனை தூரத்தில், இத்தனை ஆழத்தில் மீன் இருக்க வாய்ப்பு உண்டு என்று ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற பெருங்கடல் தகவல் மையம் அறிவிக்கிறது. கவனியுங்கள், 'இருக்கிறது' என்று சொல்லவில்லை, 'வாய்ப்பு உண்டு' என்றுதான் சொல்கிறது.

மேகம் மூடினால்? நிறமும் தெரியாது, சூடும் தெரியாது. அன்றைக்கு அறிவிப்புக் கிடைக்காது! பெரியவர் கேட்ட இரண்டு கேள்வியும் சரி. மைக் வைத்துக்கொண்டு நான் சொன்ன இரண்டு பதிலும் தப்பு. இப்போது சொல்லுங்கள், அன்றைக்கு அந்தக் குப்பத்தில் அறியாமை யாரிடம் இருந்தது? (கைதட்டல்)

விட்டேனா? அடுத்த மாதமே போனேன். மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, "தண்ணி நெறம் பாத்து மீன் சொல்றது எங்க தாத்தா காலத்து வேலைதான் வாத்தியாரே. அத்த மேலேர்ந்து பாக்கறாங்க, அவ்ளோதான? நல்லதுதான்" என்றார். அப்புறம் மூன்றாவது கேள்வியைப் போட்டார். "அந்த எடத்துல மீன் இருக்குதுன்னு எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்லிட்டா, மொதல்ல போய்ச் சேர்றது யாரு? பெரிய எஞ்சின் வச்சவனா, நானா?"

நடுவர் அவர்களே, பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று கிராமத்தார் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் இன்றைக்கு எனக்கு என்றால் நாளைக்கு உனக்கு. ஏரியில் மீன் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அல்ல, அது யாருக்கு என்பதற்கும் விடை வைத்திருந்தார்கள். பெரியவர் சொன்னார்: "ஏரிக்கு மொறை வச்சோம். வானத்துலேர்ந்து வர்ற சேதிக்கு யாரு மொறை வைப்பாங்க?"

இந்தக் கேள்விக்கு என் விலங்கியல் பேராசிரியரிடமும் பதில் இல்லை. எதிரணியிடம் இருந்தால் சொல்லட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்! (கைதட்டல்)

இன்னொன்று. கடலின் நிறத்தை அளக்கிற ஓஷன்சாட் செயற்கைக்கோள் 1999 மே 26இல் விண்ணுக்குப் போனது. எங்கிருந்து? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து! ராக்கெட் ஏவுகிற நாளில் அந்தக் கடல் பகுதிக்கு மீன் பிடிக்கப் போகக்கூடாது. பாதுகாப்புக்காகத்தான், நியாயம்தான். பெரியவர் சொன்னார்: "மீன் எங்க இருக்குதுன்னு சொல்ல அது மேல போவுது. அது போற அன்னிக்கு எங்க வீட்ல ஒலை வெக்க முடியல." கோபமாகச் சொல்லவில்லை ஐயா, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தத் தீவிலே ஏனாதி மக்கள் வாழ்ந்தார்கள். ஏவுதளத்துக்காக அவர்கள் இடம்பெயர வேண்டியதாயிற்று. அறிவியலுக்கு இடம் கொடுத்தவர்கள் ஒரு கேள்வி கேட்டால் அது அறிவியலுக்கு விரோதமா?

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். "சந்தேகம் உயிரைக் குடிக்கும். புயல் எச்சரிக்கையை நம்பாதவன் செத்துப்போவான்" என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தேகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கேட்கிற சந்தேகம். இன்னொன்று, காதைப் பொத்துகிற சந்தேகம். கைப்பேசியில் வருகிற வதந்தியை ஒரு வார்த்தை கேட்காமல் நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, மருத்துவர் சொல்வதை மட்டும் நம்பாமல் இருக்கிறார்களே, அது இரண்டாவது வகை. அதற்குச் சந்தேகம் என்று பெயரே கிடையாது. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். அதற்காக வாதாட நான் வரவில்லை.

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது நம் நேரம் காலை ஆறரை மணி. நம் கரைக்கு அலை வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேலே கழித்து. அந்த இரண்டு மணி நேரத்தில் சொல்ல ஆள் இல்லை, கேட்க வழி இல்லை. அந்த அலையில் பெரியவர் தன் தம்பியைப் பறிகொடுத்தார். அவர் என்னிடம் சொன்னது இது: "அன்னிக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சந்தேகப்பட்டுக்கினேவாவது ஓடியிருப்போம் வாத்தியாரே."

(அரங்கில் அமைதி)

அதற்குப் பிறகு 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11. மறுபடியும் சுமத்ரா பக்கம் 8.6 அளவுக்கு நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது. கரையில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அலை வரவில்லை. மறுநாள் டீக்கடையில் என்ன பேச்சு? "புஸ்வாணம்! சும்மா பயமுறுத்திட்டாங்க!"

அலை ஏன் வரவில்லை? 2004இல் கடல்தரை மேலும் கீழுமாகத் தூக்கி அடித்தது. மேலே இருந்த தண்ணீரும் எழும்பியது. 2012இல் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. தண்ணீர் பெரிதாக எழும்பவில்லை. எச்சரிக்கை பொய் இல்லை, ஆபத்துதான் தப்பிப்போனது. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று. பெரியவர் கேட்டார்: "ஓடுன்னு சொல்ல வந்தாங்க, ஓடுனோம். ஏன் வரலன்னு சொல்ல யாராச்சும் வந்தாங்களா? சொல்லியிருந்தா அடுத்த தபா இன்னும் வேகமா ஓடுவோம்ல?"

ஐயா, மக்கள் சந்தேகப்படுவதால் அறிவியல் கெடவில்லை. விளக்கம் சொல்ல யாரும் வராததால்தான் சந்தேகம் புளித்துப்போகிறது! (கைதட்டல்)

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். குமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை கடலுக்குள் எட்டவில்லை. எத்தனை குடும்பம் தவித்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2019இல் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறுகிற 'ஜெமினி' என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். பாராட்ட வேண்டும். ஆனால் அது ஒருவழிப் பாதை. கரை பேசும், கடல் கேட்கலாம். கடல் பேசினால் கரைக்குக் கேட்காது. "நான் ஆபத்துல இருக்கறத எப்படிச் சொல்றது?" என்ற கேள்வி நிற்கத்தானே செய்யும்? 2024இல் இஸ்ரோ கொண்டுவந்த கருவியில், கடலிலிருந்து அபாயச் செய்தி அனுப்பினால் 'கிடைத்தது' என்று பதிலும் திரும்பி வருகிறது. கருவி வாங்கினோம் என்று திருப்தி அடைந்தவனால் கருவி வளர்வதில்லை. "இது போதுமா?" என்று கேட்டவனால்தான் வளர்கிறது.

முடிவாக ஒன்று. 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் முதல் எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது, வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் நம்ம ராமேசுவரத்துக் கலாம். "விதி" என்று விட்டார்களா? ஏன், எங்கே, எந்தப் பாகம் என்று கேட்டார்கள். 1980 ஜூலை 18இல் வென்றார்கள். 2019இல் சந்திரயான் 2இன் விக்ரம் நிலவில் மோதியது. எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வழி செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான் 3 பத்திரமாக இறங்கியது.

ஆக, வேலிக்கு உள்ளே நின்று சந்தேகப்பட்டால் அவர் விஞ்ஞானி. அதே வேலிக்கு வெளியே வலை பின்னிக்கொண்டே சந்தேகப்பட்டால் அவர் பாமரரா? என்னய்யா நியாயம் இது? (பலத்த கைதட்டல்) யார் வாயால் கேட்டாலும் உண்மையைத் தேடு என்று வள்ளுவர் சொன்னாரே, அந்தக் குறளை நான் சொல்ல வேண்டாம், நீங்களே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். 'படித்தவன் மட்டும் தேடு' என்றா அவர் எழுதினார்?

2016 டிசம்பர் 12, வர்தா புயல். இரண்டு நாள் கழித்துப் பெரியவரிடமிருந்து போன். "வாத்தியாரே, நல்லா இருக்கீங்களா? எங்க ஆளுங்க எல்லாரும் பத்திரம். முந்தின நாளே படகெல்லாம் மேட்டுல ஏத்திட்டோம்."

நான் கேட்டேன், "நீங்கதான் எதையும் நம்ப மாட்டீங்களே பெரியவரே?"

அவர் சொன்னார்: "யாரு சொன்னது? எங்க நிக்குது, எந்தப் பக்கம் வருது, எப்ப வரும்னு கேட்டேன். பதில் சொன்னாங்க. மொதல்ல ஏத்துனது என் படகுதான்."

கேட்பவன்தான் நம்புவான் நடுவர் அவர்களே. கேட்டு, பதில் பெற்று நம்புகிறவன்தான் புயல் வரும்போது முதலில் படகை ஏற்றுவான். ஆகவே, அறிவியல் செய்தியைக் கேட்டதும் மக்களுக்கு எழுகிற சந்தேகம் அறிவே, அறிவே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, அந்த வலை பின்னுகிற கைகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லி அமைகிறேன்.